ஏகாதசிக்கு லீவு கேட்ட காலண்டர் பேக்கிங்காரன்

அச்சகத்தில் வேலை என்று சொன்னால் எல்லோரும் முதலில் என் விரல்களைப் பார்க்கிறார்கள், மை ஒட்டியிருக்கிறதா என்று. இருக்காது. அச்சடிக்கிறவர்கள் வேறு, தைக்கிறவர்கள் வேறு, ஓரம் வெட்டுகிறவர்கள் வேறு. எல்லாம் முடிந்து வருகிற சரக்கை எண்ணி அடுக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, பட்டை கட்டி, மரப்பலகை மேல் ஏற்றி லாரிக்குத் தயாராக நிறுத்துகிற ஒரு நீளமான மெஷின் இருக்கிறது. அதற்கு நான் ஆப்பரேட்டர். அதன் கடைக்கோடியில் ஒரு பெரிய ரோபோ கை நின்றுகொண்டு கட்டுகளைத் தூக்கிப் பலகையில் அடுக்கும். அதைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு வெளியே நான். மிருகக்காட்சி சாலைக்கு டிக்கெட் வாங்கி வந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பதுதான் உத்தியோகம், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

அச்சகம் இருப்பது சமயபுரம் போகிற சாலையில். என் வீடு ஸ்ரீரங்கத்தில். கோடையில் பள்ளிக்கூட நோட்டு, மழைக்காலம் ஆரம்பித்தால் தை பிறக்கிற வரைக்கும் தினசரி காலண்டர். இதைப் படித்த உடனேயே ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு என் வியாதி என்னவென்று புரிந்திருக்கும். தீபாவளிக்கு வார்டில் நிற்கிற நர்ஸம்மாக்களே, பொங்கலுக்கு ஸ்டியரிங் பிடிக்கிற டிரைவர் அண்ணன்மார்களே, நல்ல நாளும் அதுவுமாகக் கம்பத்தில் ஏறுகிற மின்வாரியத் தம்பிகளே, நீங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வீடு நிறைய ஆள்

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வருகிறது. அன்றைக்கு எங்கள் ஊர்க் கோயிலில் சொர்க்கவாசல் திறக்கும். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிவார்கள். அதே மார்கழியில்தான் புது வருஷக் காலண்டருக்காக ஊரிலுள்ள நகைக்கடை, மளிகைக்கடை, மருந்துக்கடைக்காரர்கள் எல்லாம் எங்கள் கழுத்தைப் பிடிப்பார்கள். ஆக, கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு, கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு ஏகாதசிக்குக்கூட நான் வாசல் பார்த்ததில்லை. என் மனைவி விஜயா அக்கம்பக்கத்துப் பெண்களோடு போய்வருவாள். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்காது.

போன வருஷம் அவள் அண்ணன் முசிறியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். வாழை விவசாயி. ஒரு தாரையே தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கும் மனிதர். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி, டிபன் பாக்ஸோடு நான் வேலைக்குக் கிளம்பிப் போனேன். சாயந்திரம் திரும்பி வந்தபோது எல்லோரும் நெற்றி நிறையத் திருமண்ணும் துளசி வாசனையுமாக உட்கார்ந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து மச்சானுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து தோளில் கை போட்டுச் சொன்னார்: "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க மாப்ளே, உங்களுக்கும் சேத்து நாங்களே கும்புட்டுட்டோம்."

மேனேஜர் காட்டிய வழி

அந்த வாக்கியம் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. நேராக மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் சிரித்தால் உற்பத்தி குறைந்துவிடும் என்று நினைக்கிறவர். அடுத்த ஏகாதசிக்கு எனக்கு லீவு வேண்டும், இப்போதே சொல்லிவைக்கிறேன் என்றேன். "தாராளமா எடுத்துக்குங்க. அன்னிக்கு மெஷின யார் ஓட்டுவாங்க?" என்றார். இருக்கிறதே ஒரே ஆப்பரேட்டர். இன்னொருத்தரைத் தயார் செய்தால் லீவு, இல்லாவிட்டால் இல்லை. வெளியூரிலிருந்து டிப்ளமா படித்த ஆளைக் கொண்டுவரலாம் என்று அவருக்கு யோசனை இருந்தது. எனக்கோ மல்லிகா அக்கா ஞாபகம் வந்தது.

மல்லிகா அக்கா பொன்மலையிலிருந்து வருகிறவர். என்னைவிட மூத்தவர். இந்த மெஷின் வருவதற்கு முன்னால் கையால் கட்டுப்போடுகிற பகுதிக்கு அவர்தான் தலைமை. ரோபோ கை வந்ததும் அந்தப் பகுதியில் இருந்தவர்களையெல்லாம் ஒவ்வொரு இடமாகப் பிரித்துப் போட்டார்கள். அக்காவுக்கு விழுந்தது பேப்பர் ரீம் தூக்குகிற இடம். அவருக்கோ வலது தோளில் தீராத வலி. கனமாகத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. தற்காலிகமாக என் மெஷினில் எடுபிடி வேலைக்கு வைத்திருந்தார்கள், அதுவும் எத்தனை நாளைக்கோ.

நான் அவர் பெயரைச் சொன்னதும் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு கணக்குப் போட்டார். ஏகாதசி அன்றைக்கு அக்கா தனியாக மெஷினை ஓட்டட்டும். ஷிஃப்ட் ஒழுங்காக ஓடினால் இரண்டாவது ஆப்பரேட்டர் அவர்தான். தடுமாறினால் டிப்ளமா ஆள் வருவார், அக்கா ரீம் தூக்கப் போக வேண்டியதுதான். என் லீவுக்கு நான் போட்ட மனு அக்காவின் பிழைப்புக்கே பரீட்சையாகிவிட்டது. தயங்கித் தயங்கித்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சொன்னார்: "ரீம் தூக்கப் போனா ஒரு மாசம் தாங்குவேன் தம்பி, அப்புறம் வீட்டுக்குத்தான். அதுக்கு இந்த மெஷின்கிட்டயே திட்டு வாங்கிக்கிறேன், சொல்லிக் குடுங்க."

சும்மா நிற்கிற வேலை

டச் ஸ்கிரீன் அவருக்குச் சுலபமாக வந்துவிட்டது. தினமும் காலையில் போனில் பூவும் விளக்குமாகப் படம் அனுப்பிச் சொந்தபந்தம் எல்லோரையும் எழுப்புகிற விரல்கள். எந்தப் பக்கம் தொட்டால் என்ன வரும், சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கே பார்ப்பது, பிளாஸ்டிக் உறை சுருங்காமல் வந்தால் சூட்டை எவ்வளவு கூட்டுவது எல்லாம் பிடிபட்டது. பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். சும்மா நிற்பது.

கட்டு கொஞ்சம் கோணலாகப் போவதைக் கண்டால் அவர் கை தானாக நீளும். ரோபோ கை இருக்கிற வேலியின் கதவைத் திறப்பார், மெஷின் அப்படியே உறைந்து நிற்கும். ஆள் உள்ளே போனால் ஆபத்து என்பதற்காக அந்த ஏற்பாடு. மறுபடி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து கிளப்புவதற்குள் பின்னால் கட்டுகள் முட்டி மோதிக்கொண்டு நிற்கும், கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி. "அக்கா, அந்தக் கோணல் அதுவா சரியாயிடும், முன்னாடி ஒரு தட்டு தட்டுது பாருங்க" என்பேன். "பாத்தேன் தம்பி" என்பார். பார்த்துக்கொண்டே கதவைத் திறப்பார். இத்தனை வருஷம் ஒவ்வொரு கட்டையும் தட்டி, நீவி, ஓரம் சேர்த்துப் பழகிய கை. அதைப் போய் தொடாதே என்றால் எப்படிக் கேட்கும்?

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். ஒரு நாள் கத்திவிட்டேன். கோயிலில் சந்நிதி முன்னால் நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லையா, சாமியைத் தொடவா போகிறீர்கள், அதே மாதிரி நில்லுங்கள் என்றேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதை நியாயமாக யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோயில்ல சாமி நகராது தம்பி. இது நகந்துகிட்டே இருக்கே, கை எப்படிச் சும்மா இருக்கும்?"

சந்தனம்

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்காவிட்டால் மறுநாள் யாரும் அதன் பக்கத்தில் போக மாட்டார்கள். இந்த வருஷம் ரோபோ கைக்கு மாலையே போட்டோம். கரும்பு கட்டினோம். பொட்டு வைக்கிற வேலையை மேனேஜர் தானே ஏற்றுக்கொண்டார். பட்டு வேட்டியில் வந்து ஒவ்வொரு மெஷினுக்கும் மூன்று விரலால் இழுத்து நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டே போனார். பேக்கிங் மெஷினில் எங்கே வைப்பது என்று ஒரு கணம் தேடினார். எதிரே வட்டமாகப் பளபளவென்று ஒரு கண்ணாடி. நெற்றி மாதிரியே இருந்தது. அங்கே வைத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து வந்து மெஷினைப் போட்டால் ஓடவில்லை. பாதையில் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஸ்கிரீன் சொல்கிறது. பாதையிலோ ஒரு துரும்புகூட இல்லை. நான் கீழே படுத்துப் பார்த்தேன், அக்கா சுற்றிவந்து பார்த்தார், மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் சென்னையில் இருக்கிற சர்வீஸ் என்ஜினியருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நான் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவர், "கட்டு வருதான்னு பாக்குற சென்சார் கண்ணு ஒண்ணு வட்டமா இருக்கும், அதை ஈரத்துணியால தொடைங்க சார்" என்றார். துடைத்தேன். மெஷின் ஓடியது. மேனேஜர் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். மெஷினைப் பார்க்காமலே எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று என்ஜினியரைக் கேட்டேன். அவர் களைத்துப்போன குரலில் சொன்னார்: "காலைலேர்ந்து எனக்கு வந்த போன் பூரா சந்தனம்தான் சார்."

அன்றைக்கு ஒரு நல்லது நடந்தது. அதற்குப் பிறகு அக்கா ஏதாவது தப்புச் செய்தால் மேனேஜர் குரலை உயர்த்துவதில்லை.

அம்மன் படம்

ஒருவழியாக நோட்டுப் புத்தகங்களில் அக்காவின் கை அடங்கிவிட்டது. முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி உலாத்தப் பழகிக்கொண்டார். இனி ஏகாதசியைப் பற்றிக் கவலையில்லை என்று விஜயாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் காலண்டர் சீசன் ஆரம்பித்தது. முதல் சரக்கே சமயபுரத்து மாரியம்மன் படம்.

மெஷினுக்குள் காலண்டர்கள் நுழைகிற வாயில் ஒரு ஒளித்திரை உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குறுக்கே கை போனால் எல்லாம் நின்றுவிடும். நோட்டு ஓடும்போது அந்தப் பக்கமே போகாத அக்கா, மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக அம்மன் வரிசையாக வருவதைப் பார்த்ததும் நேரே போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மெஷின் நின்றது. கிளப்பினோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒற்றிக்கொண்டார். மறுபடி நின்றது. "வேணும்னு செய்யல தம்பி, அவளப் பாத்ததும் கை போயிடுது" என்று அக்கா கிட்டத்தட்ட அழுதுவிட்டார். இதற்கு என்ன செய்வது? நோட்டைத் தொடாதே என்று சொல்லலாம், அம்மனைத் தொடாதே என்று எந்த வாயால் சொல்வது? அப்படியே போனால் ஏகாதசி அன்று மெஷின் அடி எடுத்துவைக்கிற குழந்தை மாதிரி நின்று நின்றுதான் போகும், அக்கா ரீம் தூக்கப் போவார், நான் மச்சானின் காலைத் தாண்டிக்கொண்டு வேலைக்கு வருவேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். மறுநாள் ஓடுகிற சரக்கிலிருந்து ஒரு காலண்டரை வெளியே எடுத்து, டச் ஸ்கிரீன் இருக்கிற கம்பத்தில் மாட்டிவிட்டேன். "அக்கா, எல்லாப் படத்துலயும் இருக்கிறது ஒரே அம்மன்தானே? இவளைத் தொட்டுக் கும்பிட்டுக்குங்க, போற அம்மனெல்லாம் போகட்டும்" என்றேன். கை போக ஓர் இடம் கிடைத்ததும் அக்காவுக்குப் பெரிய பாரம் இறங்கியது. அதற்குப் பிறகு எந்தச் சரக்கு வந்தாலும் முதல் காலண்டர் கம்பத்துக்குப் போய்விடும். முருகன், பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா என்று கம்பத்தில் மாறி மாறி வந்தார்கள், அக்கா எல்லோரையும் ஒற்றிக்கொண்டார். ஒரு நாள் மேனேஜர் வந்து இது ஏன் இங்கே தொங்குகிறது என்று கேட்டார். அக்கா கொஞ்சம்கூட அசராமல் சொன்னார்: "சாம்பிள் சார்."

திருவடிப் பக்கம்

தினசரி காலண்டரில் ஒரு சங்கடம் உண்டு. அட்டை மெல்லிசு. தாள் கிழிக்கிற கட்டு அடிப்பக்கத்தில் மட்டும் தடிமனாக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கினால் அடுக்கு சரிந்துவிடும். அதனால் மெஷின் ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைமாற்றியும் வைத்துக்கொண்டே போகும். அப்போதுதான் கட்டு மட்டமாக நிற்கும். இது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி சாதாரணம். பார்க்கிறவர்களுக்கு அப்படி இல்லை.

சித்திரை வீதியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற ஒரு ஸ்வாமி, தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக எங்கள் கோயில் உற்சவர் நம்பெருமாள் படம் போட்ட காலண்டர் ஆர்டர் கொடுத்திருந்தார். சரக்கு எப்படி வருகிறது என்று பார்க்க மாமியையும் அழைத்துக்கொண்டு வந்தார். மெஷின் பெருமாளை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திருப்பி வைப்பதைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "என்ன அபசாரம் இது! ஒருத்தர் திருமுடிப் பக்கம் இன்னொருத்தர் திருவடி வரதே! நிறுத்துங்கோ. எனக்கு இந்தக் காலண்டரே வேண்டாம்" என்று சத்தம் போட்டார். மேனேஜர் ஓடி வந்தார். மல்லிகா அக்கா பதறாமல் சரியான பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தினார். பிறகு மேஜைமேல் காலண்டர்களை ஸ்வாமி விரும்புகிற மாதிரியே ஒரே பக்கமாக அடுக்கிக் காட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் ஏறியதுமே அடுக்கு சாய்ந்தது. அடுத்த நொடி அத்தனை பெருமாளும் தரைக்கு வந்துவிடுவார் என்ற நிலையில் ஸ்வாமியே பாய்ந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

விடவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் அவர் அப்படியே நிற்க, அதுவரை பேசாமல் இருந்த மாமி ஆரம்பித்தார். "ஏன்னா, கோயில்ல சடாரி சாதிச்சா குனிஞ்சு வாங்கிக்கறேளே, அதுல இருக்கறது யார் திருவடி?" அவர் காலண்டர்களை அணைத்தபடியே, "பெருமாள் திருவடிதான். ஆனா அது படறது நம்ம தலையில" என்றார். மாமி சிரிக்காமல் சொன்னார்: "இங்கே அவர் திருவடி, அவர் திருமுடி. நடுவுல நமக்கு என்ன வந்தது?"

வாசல்

ஏகாதசி வந்தது. முதல் நாளே முசிறி மச்சான் தாரோடு வந்து இறங்கிவிட்டார். அவர்கள் விடியலுக்கு முன்பே போய்த் திரும்பிவிட்டார்கள். நானும் விஜயாவும் கூட்டம் கொஞ்சம் தணியட்டும் என்று வெயில் ஏறிய பிறகு கிளம்பினோம். கோயிலுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் என் போனை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனேன். போன் கையைவிட்டுப் போனதிலிருந்தே எனக்கு நிலைகொள்ளவில்லை.

வரிசை நகர்ந்து நின்றது, நகர்ந்து நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அங்கே மெஷின் நின்றுவிட்டது மாதிரியே எனக்குத் தோன்றியது. பட்டை தீர்ந்திருக்குமோ, மாற்றத் தெரியுமே, தெரியும். கட்டு கோணலாகப் போனால் கதவைத் திறந்துவிடுவாரோ? மேனேஜர் பின்னால் நின்றுகொண்டு பார்ப்பாரே. கடைசியில் வாசலுக்குள் கால் வைத்தபோது எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. இத்தனை வருஷம் ஏங்கிய வாசல். வாயில் வந்தது, "பெருமாளே, மெஷின் நிக்கக் கூடாது." சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் விட்டுப்போகாமல் இருக்க என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாசலைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் அவள் விடவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும்தான். அந்தக் கலங்கிய கண்ணோடேயே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மோட்சம் கேக்குற எடத்துல மெஷினைக் கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க."

கை சும்மா இருந்தது

வீட்டுக்குள் நுழைந்ததும் மச்சான் போனை நீட்டினார். "மாப்ளே, இது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யாரோ மல்லிகாவாம். எடுக்கலாமா வேணாமான்னு தெரியாம வச்சுட்டேன்." திறந்து பார்த்தால் வரிசையாக மல்லிகா அக்காவின் அழைப்புகள். அவ்வளவுதான், போயிற்று, மெஷின் படுத்துவிட்டது. நான் வாசல் பார்த்த நேரத்தில் அக்கா தன் இடத்தை இழந்துவிட்டார். துளசிப் பிரசாதத்தை விஜயா கையில் கொடுத்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் போன் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. பட்டை கட்டுகிற டக், அதற்குப் பிறகு ரோபோ கை திரும்புகிற உஸ். தடையில்லாமல், ஒரே சீராக. "என்னக்கா ஆச்சு?" என்று கத்தினேன். "ஒண்ணும் ஆகல தம்பி. காலைலேர்ந்து நிக்கவே இல்ல. மேனேஜர் சார் நின்னு பாத்துட்டு, போர் அடிச்சு அவர் ரூமுக்குப் போயிட்டாரு. எனக்குக் கை சும்மா இருந்துச்சு, அதான் உங்களுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மச்சான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்கா இன்னும் வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார், "தம்பி, வாசல் எப்படி இருக்கும்? உள்ள போனா என்ன தெரியும்?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்க்கா, நீங்க பாத்ததே இல்லையா? பொன்மலையிலேர்ந்து எவ்வளவு தூரம்?" என்றேன். வருஷம் முழுக்க அவரிடம் என் ஏகாதசிக் குறையைப் பாடியிருக்கிறேன். ஒரு தடவையாவது அவர் தன் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் சாதாரணமாகச் சொன்னார்: "எங்க தம்பி பாக்குறது? இந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடியும் மார்கழில காலண்டர் கட்டத்தானே செஞ்சோம்?"

மறுநாள் மேனேஜர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். ரீம் தூக்குகிற பேச்சு இனி இல்லை, ஆப்பரேட்டர் சட்டை தைக்க அளவு கொடுங்கள் என்றார். டிப்ளமா ஆளைக் கொண்டுவருகிற யோசனையும் இனி இல்லையாம். அக்கா வெளியே வந்து முதலில் கம்பத்தில் தொங்கிய நம்பெருமாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்வாமியின் சரக்கு எப்போதோ போய்விட்டது, இந்த ஒன்று மட்டும் சாம்பிளாகத் தங்கிவிட்டது. அவர் அங்கேயே நிற்கும்போது நான் உள்ளே போய், அடுத்த ஏகாதசிக்கு மல்லிகா அக்காவுக்கு லீவு வேண்டும், இப்போதே சொல்லிவைக்கிறேன் என்றேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். உற்பத்தி குறைந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார்: "அப்ப அன்னிக்கு மெஷின ஓட்டுறது யாரு, நீங்கதானே?"

விஜயாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அவள் இப்போதே மல்லிகா அக்காவையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போகத் திட்டம் போட்டுவிட்டாள், முசிறி மச்சான் எனக்கும் சேர்த்துக் கும்பிடத் தயாராக இருக்கிறார். ஆக, காலண்டரோ லீவோ, ஒன்றுவிட்டு ஒன்று தலைமாற்றி வைத்தால்தான் கட்டு சாயாமல் நிற்கும் என்று நான் கற்றுக்கொள்ள ஒரு ரோபோ கையும் ஒரு சொர்க்கவாசலும் தேவைப்பட்டிருக்கின்றன.